பிடுங்கி எரிக்கச் சொன்ன செடி

எங்கள் தோட்டத்துக்கு வரும் தமிழர் எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இதைச் சமைக்கலாமா? இல்லை என்று சொன்னதும் முகத்தில் ஒரு இரக்கம் வந்து உட்காரும். பாவம், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள், இவளுக்குப் பொழுது போகவில்லை என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஜப்பானில் இதன் இளங்குருத்தை அவித்துத் தின்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கிழமையே பையும் கத்தியுமாக வந்து நிற்பார்கள். தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துத் தின்றுவிட்டு, கொஞ்சம் கயர்க்கிறது என்று குறையும் சொல்வார்கள்.

செடியின் பெயர் ஹொஸ்டா. இங்கத்தைய கிழவிகள் ஃபுங்கியே என்பார்கள். பூ என்று ஒன்று வரும், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வளர்ப்பது இலைக்காகத்தான். வெற்றிலையைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், நரம்புகள் கோடு கீறினமாதிரி இருக்கும். அதில் இரண்டு நிறம் உள்ளவற்றை மட்டும்தான் நான் வளர்த்தேன். பச்சை இலைக்கு வெள்ளைக் கரை, அல்லது பச்சைக் கரைக்குள் மஞ்சள் நடு. வெறும் பச்சையை நான் மதிப்பதில்லை. ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுவரில் பச்சை, படியில் பச்சை, வெளியே விட்ட சைக்கிள் இருக்கையில்கூடப் பச்சை. அதற்குள் இன்னும் பச்சையைக் காசு கொடுத்து வாங்க எனக்கு விசரா?

வீடு மலைச்சரிவின் வடக்குப் பக்கத்தில், நிலமாடி. வாடகை குறைவு என்று எடுத்தோம். ஏன் குறைவு என்பது சித்திரை மாதம் வந்தபோது விளங்கியது. மேலே வரிசையாகப் பூஹே என்கிற காட்டு மரங்கள். இலை விட்டதும் தோட்டத்தில் விளக்கை அணைத்தமாதிரி இருட்டிவிட்டது. கோடையில் மத்தியானம் ஒரு மூலைக்குக் கொஞ்சம் வெயில் வரும், அதுவும் பிச்சை போட்டமாதிரி. முதல் வருடங்களில் நானும் எல்லோரையும்போல மிளகாயும் வெண்டியும் வைத்தேன். வெண்டி ஒரு சாண் வளர்ந்து, அப்படியே நின்று, ஒரு நாள் படுத்துவிட்டது. அந்த நேரம் சொந்தக்காரர் எல்லாம் தங்கள் தங்கள் கண்ணாடிக் கூடாரத்துக்குள் காய்த்த மிளகாயை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு பை நிறைய வாங்கக்கூடிய மிளகாய். அதைக் குழந்தை பிறந்தமாதிரி அறிவிப்பார்கள், கீழே இருபது பேர் கைகூப்புவார்கள்.

ஒரு தோட்டக் கடையின் வெளி மேசையில், விலை குறைத்து வைத்த அரைச் செத்த செடி ஒன்றைக் கண்டேன். இலைக்கு வெள்ளைக் கரை. கொண்டுவந்து மரத்தடியின் மிக இருட்டான மூலையில் வைத்தேன். அடுத்த வசந்தத்தில், சமையலறை யன்னலால் பார்த்தபோது, அந்த மூலை மட்டும் தெரிந்தது. மற்றது எல்லாம் கறுப்பு. வெள்ளைக் கரை மட்டும் ஒரு வட்டமாக நின்றது. அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம்.

நிழலுக்குப் பிறந்த செடி என்று புத்தகங்கள் புளுகும். முழு நிழலில் மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும், வெயில் கூடினால் வெள்ளை கருகிவிடும். நான் எந்த மூலைக்கு எந்த மணியில் வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றி மாற்றி வைத்தேன். வேலைக்குப் போகுமுன் ஐஸ்கிறீம் டப்பாவோடு நத்தை பொறுக்குவேன். ஓடில்லாத, செம்மண் நிறத்து நத்தை. எத்தனையைப் பொறுக்கினாலும் மலையில் இருக்கிற மிச்சம் எல்லாம் கீழே இறங்கி வரும். இதெல்லாவற்றிலும் பெரிய வேலை பச்சையைப் பிடுங்குவது. வெள்ளைக்குப் பலம் குறைவு. அடியிலிருந்து வெறும் பச்சைத் தளிர் ஒன்று புறப்பட்டுவிட்டால் அது இரட்டை வேகத்தில் வளர்ந்து மற்றதை விழுங்கிவிடும். கண்டவுடன் வேரோடு அறுத்தெடுக்க வேண்டும். அதற்கு நான் பாண் வெட்டும் பழைய கத்தி ஒன்றை வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் மச்சாளைச் சொல்லவேண்டும். என் கணவரின் மூத்த அக்கா. மலைக்கு மறுபக்கம், வெயில் விழும் புதுக் குடியிருப்பில் சொந்த வீடு. வீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறச் சல்லி. ஒரு புல் முளைத்தால் மருந்தடித்துச் சாகடிப்பார். வாசலின் இரண்டு பக்கமும் உருக்குச் சாடிகளில் பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு பச்சை உருண்டைகள். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பார். அவர்தான் எனக்குத் தோட்டம் சொல்லித் தர வருவார்.

மச்சாளின் தகப்பன் ஊரில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். அந்தத் தோட்டத்துக்கும் மச்சாளுக்கும் இருந்த உறவு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி என்று என் கணவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். ஆனால் மச்சாள் பேசும்போது விவசாய இலாகாவே பேசுவதுபோல இருக்கும். முதல் தரம் என் செடிகளைப் பார்த்தபோதே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"இது மஞ்சள் விழுந்த செடி. வெண்டிக்கும் மிளகாய்க்கும் வாற நோய்தான். பிடுங்கி எரிச்சுப்போடும், இல்லாட்டி முழுத் தோட்டத்துக்கும் பரவும்."

இது நோயில்லை, இதன் இயல்பே இதுதான், இப்படி இருப்பதற்காகத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று சொன்னேன். மச்சாள் சிரித்தார். ஜேர்மன்காரன் நோய் பிடித்ததையும் விற்பான், வாங்க நம்மிடம் ஆளும் இருக்கும் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு. வெள்ளைக் கரை கண்டாலும் நோய், மஞ்சள் நடு கண்டாலும் நோய். பக்கத்து வீட்டு வேலியில் படர்ந்த இரண்டு நிற ஐவிக் கொடியும் நோய். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அக்கா சொன்னால் சொல்லட்டும், நீ செய்கிறதைச் செய் என்பது அவருடைய கொள்கை. முப்பது வருடமாக அந்தக் கொள்கையோடு சோபாவில் இருக்கிறார்.

அந்த ஐவி வேலிக்கு அப்பால் இருந்தவர் இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர். அவரும் ஹொஸ்டாப் பைத்தியம். ஒவ்வொரு செடிக்கும் லத்தீனில் பெயர்ப்பலகை. பன்னச் செடிகளுக்கு நடுவில் கல்லில் செதுக்கிய புத்தர் தலை. இலங்கையிலிருந்து எவ்வளவு தூரம் ஓடி வந்தும் இவர் நமக்கு முன்னாலேயே வந்து இருந்துவிட்டார் என்று என் கணவர் அதைப் பார்த்துச் சொன்னதுதான் அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல பகிடி. அதிபர் என்னோடு பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்துப் பேசுவார். எனக்கு ஜேர்மன் விளங்கும் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நான் இங்கே ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். அதிபரும் எங்களிடம்தான் வருவார். அவருடைய பற்களில் எது சொந்தம், எது கட்டினது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கிடக்கும்போது மட்டும் மனிதர் எனக்குச் சமமாக இருப்பார்.

அப்படியிருக்க, ஒரு வசந்தத்தில் ஒரு செடி நிறம் மாறி வந்தது. சந்தையில் மட்டைப் பெட்டியில் விற்ற வெறும் கிழங்கிலிருந்து, இரண்டு நிறம் என்று நம்பி வாங்கியும் வெறும் மஞ்சளாக முளைத்த ஹொஸ்டா. சில வருடம் சாதாரணமாக நின்றது. அந்த வருடம் விரிந்த இலைகளில் மஞ்சளின் மேல், நரம்பு வழியே கரும்பச்சை ஊறி ஊறிப் பரவியிருந்தது. ஈரக் கடதாசியில் மை விட்டால் ஊறுமே, அப்படி. ஒரு இலை போல மற்றது இல்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் நின்று வேலைக்குப் பிந்திப் போனேன்.

அதிபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஈர மண்ணில் முழங்காலில் இருந்து பார்த்தார். இப்படி ஒன்றைத் தான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை என்றார், முதல்முறையாக வழக்கமான வேகத்தில். அவருக்கு ஹொஸ்டா வளர்ப்பவர்களின் ஃபெரைன் என்கிற சங்கம் ஒன்றில் அங்கத்துவம். இரண்டு நிறம் மாறாமல் சில வருடம் நின்றால் புது வகை என்று பதிவு செய்யலாம், கண்டெடுத்தவர்தான் அதற்குப் பெயர் வைப்பார் என்று விளக்கினார். ஃபெரைனில் இதையெல்லாம் பார்க்கிற ஒரு அம்மா இருக்கிறார், காலம் வந்ததும் கூட்டி வருகிறேன் என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட இப்படி வரவில்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் நான் அந்திராக், அதுதான் விண்ணப்பம், எழுதியிருக்கிறேன். இருப்பதற்கு, படிப்பதற்கு, வேலைக்கு, வீட்டுக்கு, கடைசியில் குடியுரிமைக்கு. இதை நான் கேட்கவில்லை, தானாக வந்தது. அதோடு இன்னொன்று. என் பெயரை இத்தனை வருடமாகப் பாதியில் கடித்துத் துப்புகிறவர்கள், நான் வைக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டி வரும். நீளமான ஒரு தமிழ்ப் பெயரைத் தேர்ந்து வைத்திருந்தேன். வேண்டுமென்றே ழகரம் உள்ள பெயர்.

அந்தச் செடியை ஊட்டி வளர்த்தேன். பெருக்க வேண்டுமே. கிழங்கைக் கத்தியால் பிளந்து பிளந்து சாடிகளில் வைத்தேன். அதே கத்தியால் மற்றச் செடிகளில் பச்சையை அறுத்தேன். ஒரு சாடியை அதிபருக்கும் கொடுத்தேன். அவர் அதை வேலியோரம் தனியாக, ஒரு பலகை மேல் வைத்தார். நிறம் மாறவில்லை. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் மாறவில்லை.

என் கணவர் தொலைபேசியில் அக்காவுக்கு ஒப்புவித்துவிட்டார். ஜேர்மன்காரன் முழங்காலில் இருந்து பார்த்தான் என்பதுதான் மச்சாளின் காதில் விழுந்தது. மறுநாளே லண்டனுக்கும் கனடாவுக்கும் தம்பட்டம். என்ர தம்பி ஒரு புதுச் செடி கண்டுபிடிச்சிருக்கிறான், ஜேர்மன்காரர் வந்து கும்பிடுகினம். தம்பிக்கு அந்தச் செடி எந்த மூலையில் நிற்கிறது என்றே தெரியாது. அவர்கள் கதையில் நான் தண்ணீர் ஊற்றுகிறவளாக எங்கோ ஓரத்தில் நின்றேன். மச்சாள் என்னை அழைத்து, தன் வாசலில் வைக்க ஒன்று வேண்டும் என்றார். நோய் என்ற சொல்லைக் காணோம். அது எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் தன்னோடு மாலை கட்டும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, ஃபெரைன் அம்மா வருவதற்கு டெர்மின் குறித்திருந்தோம். சிறிய காரில் வந்தார், இறங்கும்போதே கையுறை போட்டிருந்தார். அதிபர் முன்னால் ஓடி ஓடி வழிகாட்டினார். அந்த அம்மா செடியைப் பார்த்தார். புகழவில்லை. முழங்காலில் இருக்கவுமில்லை. ஒரு இலைத்துண்டைக் கிள்ளி, சிறு பையிலிருந்த தண்ணீருக்குள் போட்டு நசித்து, அதற்குள் ஒரு சீட்டை விட்டார். கொரோனாக் காலத்தில் மூக்கில் விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரியான சீட்டு. இரண்டு கோடு வந்தது.

இது ஹொஸ்டாவுக்கு வரும் ஒரு வைரஸ் என்றார். முன்பு இப்படி மை ஊறின செடிகளைப் புது வகை என்று பெயர் வைத்து விற்றார்களாம், பிறகுதான் விளங்கினதாம். மருந்து இல்லை. பிடுங்க வேண்டும், எருக்குவியலில் போடக்கூடாது, முடிந்தால் எரிப்பது நல்லது. காற்றில் பரவாது, சாறு பட்டால்தான் பரவும். எதனால் வெட்டினீர்கள் என்று கேட்டார். பாண் கத்தியைக் காட்டினேன். ஒரு செடிக்கும் மற்றதுக்கும் நடுவில் கழுவினீர்களா என்று கேட்டார். ஒரு வாய்க்குள் போன கருவி மறுவாய்க்குப் போகுமுன் எத்தனை கழுவல், எத்தனை பாகை சூடு என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவள் நான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மற்றச் செடிகளிலும் சீட்டு விட்டுப் பார்த்தார். முதல் முதல் வாங்கின வெள்ளைக் கரைச் செடிக்கும் இரண்டு கோடு.

அதிபர் அந்த நேரம் இரண்டு அடி பின்னால் போயிருந்தார். பின்னேரம் ரப்பர் கையுறையோடு வந்து, நான் கொடுத்த சாடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வேலிக்கு மேலால் தந்தார். தன் செடிகளுக்கு அருகில் நான் வராமல் இருந்தால் நல்லது என்று, மறுபடியும் ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்துச் சொன்னார். காற்றில் பரவாது என்பதை அவரும் நின்றுதான் கேட்டார். என்னையும் சேர்த்துச் சீட்டு விட்டுப் பார்த்திருப்பார், கேட்க வெட்கப்பட்டார்.

அக்கா சொன்னது சரியாகிப் போச்சு என்றார் கணவர். காணும் எல்லாவற்றையும் நோய் என்கிறவருக்கு ஒன்றாவது சரிவராமல் போகுமா என்று கேட்டேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

ஞாயிறு மச்சாள் வந்தார். பட்டுச் சேலை, கைப்பை, கூடவே அந்த இரண்டு பெண்கள். நான் இன்னும் பிடுங்கத் தொடங்கவில்லை, செடி நேற்றுப் போலவே மினுங்கிக்கொண்டு நின்றது. மச்சாள் அதன் அருகில் போய், பின்னால் நின்றவர்களுக்கு என்ர தம்பியின் செடி என்று அறிமுகம் செய்தார். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. இருந்தும் முழு இரவும் பழகிவைத்த வசனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சாள், நீங்கள் சொன்னதுதான் சரி. இது நோய். எல்லாத்தையும் பிடுங்கப் போறன்."

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். தான் நோய் என்று சொன்னது வேறு செடியை என்றார். சீட்டு விட்டுப் பார்த்ததை, இரண்டு கோடு வந்ததை எல்லாம் சொன்னேன். அது ஜேர்மன்காரியின் பொறாமை, நீர் பிடுங்கி எறிந்ததும் தங்கள் பெயரில் பதிந்துகொள்வார்கள் என்றார். பின்னால் நின்ற இருவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அப்போதும் நான் நோய்தான் என்றேன். மச்சாளின் முகம் மாறிவிட்டது.

"தர விருப்பமில்லாட்டி விருப்பமில்லையெண்டு சொல்லும். நோயெண்டு சொல்லி ஏன் என்னைப் பேய்க்காட்டுறீர்?"

வருடம் வருடமாக அவர் நோய் என்றபோது நான் நம்பவில்லை. இப்போது நான் நோய் என்றேன், அவர் நம்பவில்லை. தோட்டத்து மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பலகாரம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மூவரும் எழும்பி நின்றார்கள். நேரமாகிவிட்டதாம். மச்சாள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர்கள் போனபிறகு பார்த்தேன். செடியின் பின்பக்கத்தில் ஒரு குழி. பக்கத்தில் தேத்தண்ணிக் கரண்டி ஒன்று மண்ணோடு கிடந்தது. பட்டுச் சேலையோடு குந்தியிருந்து கரண்டியால் கிண்டியிருக்கிறார். ஊரில் ஒருநாளும் மண்ணில் கை வைக்காதவர்.

அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கினேன். கோடு வந்ததையும் வராததையும். கணவர் கறுப்புப் பைகளைத் தூக்கிக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனார். அழுதேன். வெட்கம், கோபம், எல்லாம் கலந்த அழுகை. பெயர் வைக்கக் காத்திருந்த செடியைக் குப்பைக்குக் கொடுத்த எவரும் அழத்தான் செய்வார்கள். இப்போது அந்த இடத்தில் பன்னம் நிற்கிறது. வெறும் பச்சை.

மச்சாளுக்குச் சொல்லி அவர் எடுத்துப் போனதையும் எறியச் சொல்லவேண்டும் என்று தொலைபேசியை எடுத்தேன். பிறகு யோசித்தேன். இந்த நோய் ஹொஸ்டாவுக்கு மட்டும்தான் வரும். மச்சாளிடம் இருப்பது சல்லியும் பிளாஸ்டிக்கும். தொற்ற ஆளில்லை. மச்சாள் தன் கையால் ஒருவருக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுக்கமாட்டார் என்பதும் எனக்கு நிச்சயம். நோய் அவர் வாசலிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அந்த நேரம் அது வெறும் வன்மம்தான்.

அடுத்த வைகாசியில் மச்சாளிடமிருந்து படம் வந்தது. உருக்குச் சாடியொன்றில் பிளாஸ்டிக் உருண்டையைக் காணோம். அந்த இடத்தில் என் செடி. வெயில் வீட்டில் நிழல் விழும் ஒரே இடம் அந்த வாசல். மஞ்சளில் மை ஊறி, நத்தை கடிக்காத இலைகள், என்னிடம் நின்றதைவிட நன்றாக இருந்தது. கீழே எங்கட செடி என்று எழுதியிருந்தார். கைகூப்பியவர்களை நான் எண்ணவில்லை.

கலியாணம், செத்த வீடு தவிர அந்த வாசலை மிதிக்காத நான் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகிறேன். கத்தரிக்காய் மலிவாக வந்தது, கோயில் பிரசாதம் என்று ஏதாவது ஒரு சாட்டு. மச்சாள் தேத்தண்ணி போடுகிற நேரத்தில் சாடியில் விரலை விட்டு ஈரம் பார்ப்பேன். கருகின இலையைக் கிள்ளுவேன். கைப்பையில் சின்னக் கத்தி ஒன்று இருக்கும், ஸ்பிரிட்டில் துடைத்தது. மச்சாள் தம்பிக்குச் சொன்னாராம், அவ இப்ப திருந்தியிட்டா, சொந்தம் வேணுமெண்டு விளங்கியிட்டுது.

போன கிழமை நான் வாசலில் நின்றபோது முன்வீட்டு ஜேர்மன் பெண் தெருவைக் கடந்து வந்தார். எவ்வளவு அழகு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மச்சாள் தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு. அந்தப் பெண் எழுத்துக்கூட்டி, ஒருமுறை பிழைத்து, இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். மச்சாள் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அது நோய் பிடித்த செடி என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால் மச்சாள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தப் பெண் நம்புவார், நாளைக்கே அது குப்பைத்தொட்டிக்குப் போகும். நல்ல பெயர் என்று சொன்னேன். அடியில் வெறும் பச்சைத் தளிர் ஒன்று கிளம்பியிருந்தது. குனிந்து அதை அறுத்தெடுத்தேன்.